சென்சார் ஜீரோ காட்டுது... அப்ப சேஃபா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். 'அதாவது', 'ஆக்சுவலா' இரண்டிலும் பாதியை வெட்டி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறோம்.)

சேக்காட்டிலிருந்து பேசுறேன். பின்னாடி ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, இந்த வீட்டில் ஜன்னலை மூடினாலும் கேட்கும். ஆனா இன்னிக்கு டாபிக்கே ரயிலில்தான் தொடங்குது, அதனால எடிட்டில் அதை நீக்கவில்லை.

ஆவடியில் சென்ட்ரல் பக்கம் போகும் லோக்கல் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் வில்லிவாக்கம். அங்கேதான் ஐ.சி.எஃப். 1955-லிருந்து ரயில் பெட்டி செய்யும் இடம். 2025 ஜூலையில் அங்கே ஒரு பெட்டியை டெஸ்ட் செய்ததாக ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் வீடியோ போட்டார். ஹைட்ரஜனில் ஓடும் ரயிலுக்கான பவர் கார். டீசலில் ஓடிய டெமு ரயிலை மாற்றி, 1200 கிலோவாட் பவர் கார் இரண்டு, பயணிகள் பெட்டி எட்டு, மொத்தம் பத்துப் பெட்டி. அதற்கான பாதை நம்ம ஊரில் இல்லை. அரியானாவில் ஜிந்த் முதல் சோனிபட் வரை, சுமார் 89 கிலோமீட்டர். ஜிந்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, 3000 கிலோ வரை சேமித்து வைக்க ஏற்பாடு.

அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். கரும்புகை வராது, பின்பக்கம் தண்ணிதான் வரும்னு ஒரே பெருமையா விளக்கிட்டிருந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏன்டா, அது லீக் ஆனா நம்ம கேஸ் மாதிரி வாசனை வருமா?"

வராதுமா. ஹைட்ரஜனுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

"அப்ப எப்படித்தான் தெரியும்?"

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் ஒரு விஷயம். நம்ம சமையல் கேஸுக்கும் சொந்த வாசனை கிடையாது. அழுகின மாதிரி வரும் அந்த நாற்றம், மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். லீக் ஆனால் மூக்குக்குத் தெரியணும்னே கலக்குறாங்க. சரி, ஹைட்ரஜனிலும் அதையே கலக்க வேண்டியதுதானே? ஃபியூயல் செல்லுக்கு அது ஆகாது. ஃபியூயல் செல் என்பது ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, சவ்வின் இரு பக்கமும் பிளாட்டினம் தூள் பூசியிருக்கும். ஹைட்ரஜன் பிளாட்டினத்தில் உடைந்து, எலக்ட்ரான் வயர் வழியாகப் போகும். அதுதான் கரண்ட். கந்தகம் வந்தால் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடமே விடாது. இன்னொரு சிக்கல், ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு. அது விறுவிறுன்னு மேலே போய்விடும், நாற்றப்பொருள் கீழேயே தங்கிவிடும். மூக்குக்கு வருவதற்குள் ஹைட்ரஜன் கூரையில் இருக்கும்.

மூக்கு அவுட். கண்? எரிந்தால்கூடத் தெரியாது. சுத்தமான ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே புலப்படாது. நாசாவில் திரவ ஹைட்ரஜன் குழாய்களுக்குப் பக்கத்தில் நடக்கும்போது ஒரு தொடப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே போவார்களாம். தொடப்பம் பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்குன்னு அர்த்தம். நிலவுக்கு ஆள் அனுப்பின நிறுவனத்தின் ஃபிளேம் டிடெக்டர் ஒரு காலத்தில் இதுதான்.

பயமுறுத்தல. நியாயமா சொல்லணும்னா, காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். சமையல் கேஸ் 2 சதவீதத்திலேயே பிடிக்கும். அந்த விஷயத்தில் ஹைட்ரஜன் பரவாயில்லை. ஆனால் சமையல் கேஸ் சுமார் 10 சதவீதத்தைத் தாண்டினால் பிடிக்காது. ஹைட்ரஜன் 75 சதவீதம் வரைக்கும் பிடிக்கும். அதைப் பற்றவைக்கத் தேவையான பொறி 0.02 மில்லிஜூல்தான், மீத்தேனுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திறந்தவெளியில் லீக் ஆனால் நொடியில் மேலே போய்க் கரைந்துவிடும், நல்லது. மேலே கூரை இருந்தால் அங்கேயே சேரும். ரயில் பெட்டிக்குக் கூரை உண்டு, ஷெட்டுக்கும் கூரை உண்டு.

ஆக, மூக்கும் கண்ணும் உதவாத இடத்தில் மொத்த நம்பிக்கையும் ஒரு சின்ன சென்சார் மேல். இப்ப என் கதைக்கு வரேன். இதை எங்கேயும் சொன்னதில்லை, கொஞ்சம் கேவலமான கதை.

ஃபைனல் இயர் புராஜெக்ட். நாலு பேர் டீம். தலைப்பு, ஃபியூயல் செல்லுக்கான ஹைட்ரஜன் கசிவு எச்சரிக்கைக் கருவி. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு எம்கியூ-8 சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு எல்சிடி டிஸ்ப்ளே வாங்கினோம். எம்கியூ-8 தெரியாதவங்களுக்கு: வலை மூடி போட்ட, சட்டைப் பட்டன் சைஸ் டப்பா. ஒரு பிரியாணி விலைக்குள் வரும். உள்ளே டின் ஆக்சைடு, அதைச் சூடாக்க ஒரு குட்டி ஹீட்டர். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அந்த டின் ஆக்சைடின் மேல் ஒட்டி, எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் கஷ்டப்பட்டுத்தான் ஓடும். ஹைட்ரஜன் வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும், எலக்ட்ரான்கள் விடுதலை, கரண்ட் கூடும். 1960-களில் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி வணிகரீதியாகக் கொண்டுவந்த ஐடியா. இன்னிக்கும் நம்ம வீட்டு கேஸ் அலாரம் பலவற்றில் இதே தத்துவம்தான்.

புது சென்சாரை டெஸ்ட் பண்ண ஹைட்ரஜன் இல்லை. ஹாஸ்டலில் என்ன இருக்கும்? டியோடரன்ட். அடிச்சோம். ரீடிங் எகிறியது, பஸ்ஸர் கத்தியது. 'ஹைட்ரஜன் சென்சார் ஒர்க் ஆகுது மச்சி'ன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டோம். டியோடரன்ட்டில் இருப்பது ஆல்கஹாலும் பியூட்டேனும் என்று ஒருத்தருக்கும் தோணல. எரியக்கூடிய எந்த ஆவி வந்தாலும் டின் ஆக்சைடு கொஞ்சமாவது கத்தும். அது முதல் தப்பு, ஆனா சிரிச்சுட்டுப் போற தப்பு.

அடுத்து, டெமோவுக்கு அழகா இருக்கணும்னு ஒரு அக்ரிலிக் பெட்டி செய்தோம். சென்சாரைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொருத்தினோம், கேஸ் டிடெக்டர் தரைக்குப் பக்கத்தில் இருக்கணும்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். அது சமையல் கேஸுக்கு. அது காற்றைவிடக் கனம். ஹைட்ரஜனுக்கு நேர் எதிர். சரி, பெட்டி சின்னது, அதனால் சமாளிச்சிருக்கலாம். பெரிய தப்பு பெட்டியை எதால் ஒட்டினோம் என்பதில் இருந்தது. ஹார்டுவேர் கடையில் சிலிக்கோன் சீலன்ட் வாங்கி, எல்லா மூலையிலும் தடவி, சென்சாரைச் சுற்றியும் தடவி, மூடி, ஹீட்டரை ஆன் செய்துவிட்டுப் போய்விட்டோம். எம்கியூ சென்சாரை முதலில் ஒரு நாளாவது சூடாக்கி வைக்கணும்னு டேட்டாஷீட்டில் போட்டிருந்தது. அதைப் படிச்சோம். அதே டேட்டாஷீட்டில், சிலிக்கோன் ஆவி பட்டால் சென்சார் செத்துவிடும்னு தனியா எச்சரிக்கை இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை.

இரண்டு நாள், மூடின பெட்டிக்குள், சூடான சென்சார், காயாத சீலன்ட். அந்த ஆவி சூடான டின் ஆக்சைடின் மேல் பட்டு, கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய சிலிகா படலமாகப் படிந்துவிடும். உள்ளே எதுவும் போகாது.

வைவா நாள். எக்ஸ்டர்னல் வந்தார், கொஞ்சம் வயசானவர். எல்சிடியில் பச்சை எழுத்தில் 'சேஃப்'. நாங்க கெத்தா எலக்ட்ரோலைசரை ஆன் செய்து, வால்வைத் திறந்து ஹைட்ரஜனை விட்டோம். சேஃப். இன்னும் கொஞ்சம் விட்டோம். சேஃப். நான் வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னேன்: "சார், கேஸ் சரியா வரல போல." அவர் ஒண்ணும் சொல்லல. லேப் அண்ணாவைக் கூப்பிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொண்டுவரச் சொன்னார். மூடியைத் திறந்து சென்சார் மேலேயே வைத்தார். சேஃப். அப்புறம் அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. சாக்கெட்டில் சொருகியிருந்த சென்சாரை அப்படியே பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு, டிஸ்ப்ளேயைப் பார்த்தார்.

சேஃப்.

"இப்ப சென்சார் என் கையில இருக்கு தம்பி. இது எதைப் பார்த்து சேஃப்னு சொல்லுது?"

கோட் எழுதினது நான். ரீடிங் 400-ஐத் தாண்டினால் 'டேஞ்சர்', இல்லாவிட்டால் 'சேஃப்'. இரண்டே நிலை. சென்சார் இல்லையென்றால் ரீடிங் ஜீரோ. ஜீரோ 400-க்குக் கீழே. அதனால் சேஃப். ஹீட்டர் எரிந்து போனாலும் சேஃப். சிலிக்கோன் மூடினாலும் சேஃப். 'எனக்குத் தெரியல' என்று சொல்ல அந்தக் கருவிக்கு நான் வார்த்தையே கொடுக்கல.

மார்க் ஒண்ணும் குறையல. அதுதான் இன்னும் உறுத்தல்.

இது ஏதோ ஸ்டூடன்ட் அசட்டுத்தனம்னு நினைக்காதீங்க. வேலைக்கு வந்த பிறகும், எரர் எண்ணிக்கை ஜீரோன்னு டாஷ்போர்டு பச்சையா இருந்து, கடைசியில் பார்த்தா எரரை எண்ணுகிற புரோகிராமே ராத்திரி விழுந்து கிடந்தது என்ற கதை நம்மில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும். நமக்கு அதில் போவது ஒரு ராத்திரித் தூக்கம். ஹைட்ரஜன் சிலிண்டர் ஏறிய வண்டியில் அப்படி இல்லை.

தொழிற்சாலைக்காரங்க இந்தச் சிக்கலை நமக்கு ரொம்ப முன்னாடியே பார்த்துட்டாங்க. அவங்க பழைய பழக்கம் ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 4–20 மில்லிஆம்பியர் லூப். சென்சாரிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்குக் கரண்ட்டாகச் செய்தி போகும். கேஸ் இல்லை என்றால் 0 மில்லிஆம்பியர் இல்லை, 4. முழு அளவு கேஸ் என்றால் 20. அப்ப 0 வந்தால்? வயர் அறுந்திருக்கு, இல்லை சென்சார் செத்திருக்கு. 'ஒண்ணும் இல்லை' என்பதும் 'நான் இல்லை' என்பதும் வேறு வேறு எண். இதற்கு லைவ் ஜீரோன்னு பேர். அழகான பேர் இல்ல? என் கோடில் ரீடிங் 20-க்குக் கீழே போனால் 'ஃபால்ட்' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால், எக்ஸ்டர்னல் சென்சாரைப் பிடுங்கிய நொடியில் பெட்டி கத்தியிருக்கும்.

ஆனா கவனிங்க, சிலிக்கோன் மூடின சென்சாரை லைவ் ஜீரோ பிடிக்காது. வயர் சரியா இருக்கு, ஹீட்டர் சரியா இருக்கு, சுத்தமான காற்றில் வர வேண்டிய ரீடிங்கும் ஏறக்குறைய வருது. மூக்குதான் அடைச்சிருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நிஜமான கேஸை ஊதிப் பார்ப்பது. பம்ப் டெஸ்ட் என்பாங்க: அளவு தெரிந்த ஹைட்ரஜன் கலவையைச் சின்ன சிலிண்டரில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் சென்சாருக்குக் காட்டி, கத்துதான்னு பார்ப்பது. ஆள் போய்ச் செய்யணும். செலவு. அதனாலேயே தள்ளிப்போகும் வேலை.

சரி, டின் ஆக்சைடை விட்டுட்டு வேற நல்ல சென்சாரே இல்லையா? இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு வீக்னஸ் இருக்கு.

சுரங்கத்தில் மீத்தேனுக்காக வந்த பெல்லிஸ்டர் என்று ஒரு வகை. பிளாட்டினம் கம்பிச் சுருளின் மேல் வினையூக்கி பூசிய மணி. கேஸ் அதன் மேல் எரியும், சூடு ஏறும், கம்பியின் மின்தடை மாறும். எளிமை, உறுதி. ஆனால் எரிய ஆக்சிஜன் வேணும். ஹைட்ரஜன் நிறைந்து காற்றே இல்லாமல் போன இடத்தில் அது ரீடிங் குறைத்துக் காட்டும். மிக மோசமான நேரத்தில் மிக இனிப்பான பொய். சிலிக்கோனும் கந்தகமும் இதையும் கெடுக்கும். எலக்ட்ரோகெமிக்கல் வகை குறைந்த அளவைக்கூட நுட்பமாகப் பிடிக்கும், ஆனா உள்ளே இருக்கும் திரவம் சில வருஷத்தில் காயும், கார்பன் மோனாக்சைடைப் பார்த்து ஏமாறவும் செய்யும்.

பல்லேடியம் கதை தனி எபிசோடுக்கு வரும். அந்த உலோகம் தன் கனஅளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும். 1860-களிலேயே தாமஸ் கிரஹாம் கண்டுபிடித்தது. உறிஞ்சினால் வீங்கும், மின்தடை மாறும், ஒளியைத் திருப்பும் விதமும் மாறும். ஹைட்ரஜனுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்பதால் டியோடரன்ட்டுக்கு ஏமாறாது. அமெரிக்க எரிசக்தித் துறை வாகன சென்சாருக்கு வைத்த இலக்கு, 0.1 சதவீதத்திலிருந்து அளக்கணும், ஒரு நொடிக்குள் பதில் சொல்லணும், பத்து வருஷம் உழைக்கணும். ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2019-ல் பல்லேடியம் கலந்த நானோ துகளை பிளாஸ்டிக்கில் பொதிந்து அந்த ஒரு நொடியைத் தொட்டது. லேபில் தொட்டது வேற, பத்து வருஷம் ரயிலுக்கு அடியில் தூசியில் உழைப்பது வேற.

எனக்குப் பிடித்தது தெர்மல் கண்டக்டிவிட்டி வகை, காரணம் அதன் எளிமை. ஹைட்ரஜன் காற்றைவிட ஏழு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஒரு சூடான கம்பியை வை, அது எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று பார். அவ்வளவுதான். வேதிவினை இல்லை, ஆக்சிஜன் வேண்டாம், சிலிக்கோனுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். ஈரப்பதம் கொஞ்சம் குழப்பும். ஹீலியத்தையும் ஹைட்ரஜனையும் பிரிக்கத் தெரியாது. ரொம்பக் குறைந்த அளவைப் பிடிக்காது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். தமிழ்நாட்டில் ஹைட்ரஜன் சென்சாரை உண்மையிலேயே உட்கார்ந்து செய்தவங்க யார்? ஃபியூயல் செல் என்றால் தரமணி, ஐஐடி ரிசர்ச் பார்க்கில் ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃபியூயல் செல் மையம் இருக்கு. சென்சார் என்றால் பழைய விலாசம் கல்பாக்கம், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்.

அணு உலைக்கும் ஹைட்ரஜனுக்கும் என்ன சம்பந்தம்னு நானும்தான் முதலில் முழிச்சேன். அங்கே இருக்கும் ஃபாஸ்ட் பிரீடர் உலைகளில் சூட்டை எடுத்துப்போவது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். கடைசியில் நீராவி வேணுமே, அதனால் ஸ்டீம் ஜெனரேட்டரில் மெல்லிய குழாய்க்குள் அழுத்தமான தண்ணீர், குழாய்க்கு வெளியே சோடியம். நடுவில் ஒரு உலோகச் சுவர் மட்டும். பள்ளிக்கூடத்தில் சோடியத்துண்டைத் தண்ணியில் போட்டது ஞாபகம் இருக்கா? குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் அதுதான் நடக்கும், பக்கத்துக் குழாயையும் அரித்துவிடும். அந்த ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும். ஹைட்ரஜன் தெரிந்தால் ஓட்டை இருக்கு.

அதற்காக அவங்க சோடியத்துக்குள்ளேயே கரைந்த ஹைட்ரஜனை அளக்கும் எலக்ட்ரோகெமிக்கல் மீட்டர் செய்தாங்க. அதோடு நிறுத்தல. உலை குறைந்த சக்தியில், சோடியம் அவ்வளவு சூடாக இல்லாதபோது, ஹைட்ரஜன் சரியாகக் கரையாமல் குமிழியாக மேலே வந்து, சோடியத்துக்கு மேல் நிரப்பியிருக்கும் ஆர்கான் வாயுவில் சேர்ந்துவிடும். கரைந்ததை மட்டும் அளக்கும் மீட்டர் அப்போது பாட்டுக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அதனால் மேலே ஆர்கானில் இன்னொரு ஏற்பாடு: ஹைட்ரஜன் மட்டும் ஊடுருவும் மெல்லிய நிக்கல் குழாய், அதன் வழியாக வருவதை அளக்கத் தெர்மல் கண்டக்டிவிட்டி சென்சார், இன்னும் நுண்ணிய அளவுக்கு டின் ஆக்சைடு சென்சார். ஆமாம், என் பட்டன் சைஸ் டப்பாவின் ஒழுங்கான அண்ணன்.

இதைப் படிச்சப்போதான் எனக்கு வைவா புரிஞ்சது. அவங்க கேட்ட கேள்வி 'எந்த சென்சார் பெஸ்ட்?' இல்லை. 'இந்த சென்சார் எந்த நேரத்தில் குருடாகும், அந்த நேரத்தில் யார் பார்ப்பாங்க?'

இப்ப வண்டிக்கு வருவோம். ஹைட்ரஜன் வாகனத்துக்கு ஐ.நா. விதி ஒண்ணு இருக்கு, ஜிடிஆர் 13, 2013-ல் வந்தது. நம்ம நாட்டில் ஃபியூயல் செல் சாலை வாகனங்களுக்கு ஏஐஎஸ் 157. ரயில் தனி உலகம், ஆனா எண்களைப் புரிந்துகொள்ள ஜிடிஆர் போதும். 2013-ன்படி மூடிய இடத்தில் ஹைட்ரஜன் சுமார் 2 சதவீதம் தாண்டினால் டிரைவருக்கு எச்சரிக்கை, 3 தாண்டினால் டேங்க் வால்வு தானாக மூடணும். தீப்பிடிக்கும் 4-க்கு எவ்வளவு நெருக்கம் பாருங்க. தொழிற்சாலை அலாரம் பெரும்பாலும் 0.4 அல்லது 1 சதவீதத்திலேயே கத்தும்.

இதில் சுவாரசியம் எக்ஸாஸ்ட் குழாய். அங்கே ஹைட்ரஜன் வருவது லீக் இல்லை, டிசைன். ஃபியூயல் செல்லின் ஹைட்ரஜன் பக்கத்தில் நைட்ரஜனும் நீரும் மெல்லச் சேரும். அதை வெளியேற்ற அவ்வப்போது ஒரு வால்வு திறந்து மூடும், பர்ஜ் என்பாங்க. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். அதனால் விதியே சொல்லுது: எந்த மூன்று நொடியை எடுத்தாலும் சராசரி 4 சதவீதம் தாண்டக்கூடாது, எந்த நொடியிலும் 8-ஐத் தாண்டக்கூடாது. அப்படின்னா எக்ஸாஸ்ட் சென்சார் வேகமாகவும் இருக்கணும், பதறாமலும் இருக்கணும். அதுவும் எங்கே? தண்ணீர் சொட்டும் சூடான குழாய்க்குள். சென்சார் மேல் ஒரு துளி தண்ணீர் உட்கார்ந்தால் அதற்கு மூக்கு அடைச்ச மாதிரிதான். இன்னொரு விஷயம் கேட்டா சிரிப்பீங்க: பல ஃபியூயல் செல் ஸ்டாக்குகளில் தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கேஸ்கெட்டே சிலிக்கோன். நான் ஹார்டுவேர் கடையில் வாங்கின வில்லனுக்கு இங்கே நிரந்தர வேலை.

எனக்குத் தோணின ஒரு ஐடியா சொல்றேன். பர்ஜ் வால்வை எப்ப திறக்கணும்னு சொல்வதே சாஃப்ட்வேர். அப்ப ஒவ்வொரு பர்ஜும் இலவச பம்ப் டெஸ்ட் இல்லையா? வால்வு திறந்தது, அடுத்த இரண்டு நொடியில் எக்ஸாஸ்ட் சென்சாரில் ஒரு சின்ன மேடு வரணும். வரலைன்னா ஹைட்ரஜன் இல்லைன்னு சந்தோஷப்படாதே, சென்சாரைச் சந்தேகப்படு. நிறைய காற்றோடு கலந்து வருவதால் மேடு ரொம்பச் சின்னதாக இருக்கும், பழைய பர்ஜ்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க முடியும். டேங்க் பக்கத்து சென்சாருக்கு இது உதவாது, அங்கே ஹைட்ரஜன் வரவே கூடாது. வருஷக்கணக்கா ஒண்ணுமே பார்க்காமல், ஒரே ஒரு நாள் சரியாகப் பார்க்க வேண்டிய சென்சார் அது. அதைச் சிலிண்டரோடு போய் ஊதிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஐ.சி.எஃப். ரயிலைப் பற்றி என் கேள்வி அது எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது இல்லை. அந்த ஊதிப் பார்க்கிற வேலை யார் பேரில், எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதியிருக்கு என்பதுதான்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லைன்னு காட்ட ஒரு சம்பவம். 2019 ஜூன் 10, நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் சாண்ட்விகா. ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடித்தது. நல்லவேளை, யாரும் சாகல. வெடிப்பின் அதிர்வில் பக்கத்தில் போன காரின் ஏர்பேக் விரிந்து இரண்டு பேருக்கு அடி. டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. விசாரணையில் கிடைத்த காரணம், உயர் அழுத்த டேங்கின் மூடியில் சில போல்ட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கவில்லை. முதலில் சின்னக் கசிவு, அது சீலை அரித்து, அப்புறம் பெரிய கசிவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. சென்சாருக்கான நேரம் அது. அதன் பிறகு நெல் என்ற அந்தத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்த நடவடிக்கைகளில், எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்குவதோடு இன்னொண்ணும் இருந்தது: கசிவுச் சோதனையை அடிக்கடி நடத்தும்படி ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். அடிக்கடி கேட்பது. அதைச் செய்ய புது வன்பொருள்கூட வேண்டியிருக்கல.

போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் மறுபடி ஒரு எம்கியூ-8 வாங்கினேன். கடை அண்ணா "புராஜெக்டா தம்பி?"ன்னு கேட்டார், வயசு குறைஞ்ச சந்தோஷத்தில் ஆமான்னுட்டேன். இந்தத் தடவை பெட்டியை ஸ்க்ரூவால் மாட்டினேன், சென்சார் மேல்பக்கம். டிஸ்ப்ளேயில் மூன்று வார்த்தை: சேஃப், டேஞ்சர், தெரியல. கடைசியா ஊதிப் பார்த்து ஏழு நாள் தாண்டிவிட்டால், ரீடிங் என்னவா இருந்தாலும் 'தெரியல'ன்னுதான் காட்டும்.

அம்மாவிடம் காட்டினேன். பார்த்துட்டு, "நம்ம கிச்சன்ல மாட்டியிருக்கியே கேஸ் அலாரம், அதுக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊதணும்?"னாங்க. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூட ஊதல. பச்சை லைட் எரிஞ்சிட்டே இருக்கு.

லைட்டரை எடுத்து, பற்றவைக்காமல் கேஸை மட்டும் அதன் கிட்ட விட்டோம். கத்துச்சு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடி வந்துட்டாங்க.

உங்க வீட்டு அலாரம் என்ன சொல்லுச்சுன்னு கமெண்ட்டில் போடுங்க. செய்யும்போது அடுப்பை அணைச்சிடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, பற்றவைக்காதீங்க, ப்ளீஸ். அடுத்த வாரம் பல்லேடியம். பார்க்கலாம், பை.